ஸ்கேன் அறையில் ஒரு மண்டகப்படி

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் தொழிலில் படத்தை மெஷின் எடுத்துவிடும். ஆளைக் குழாய்க்குள் அனுப்பி, ஓடிவிடாமல் படுக்க வைப்பதுதான் மனிதனுக்கு மிஞ்சும் வேலை. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அந்த வேலையைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். நான் சேர்ந்தபோது இருந்தது பழைய மெஷின். குழாய் குறுகல், நீளம் அதிகம், சத்தம் பக்கத்து வீட்டில் தளம் உடைப்பது போல. அதன் வாயைப் பார்த்த மாத்திரத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: “எனக்கு ஃபோபியா இருக்கு சார்.”

நீங்களும் ஒருமுறையாவது அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பீர்கள். இல்லாவிட்டால், படுத்திருப்பவருடைய கைக்கடிகாரத்தையும் பர்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே நாம் ஒரே கட்சி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சொற்கள் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பயம் வேறு, ஃபோபியா வேறு. நாய் துரத்தும்போது ஓடுவது பயம். காலண்டரில் இருக்கும் நாயைப் பார்த்து, அது காலண்டர் என்று நன்றாகத் தெரிந்தும், ஓடுவது ஃபோபியா. காரணம் இல்லை என்று புத்திக்குத் தெரியும், கால்தான் கேட்காது. ‘பிடிக்காது’ என்பது இரண்டிலும் சேராது. முன்பெல்லாம் ஜனங்கள் தங்களுக்குப் பிடிக்காததை ‘அலர்ஜி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஃபோபியாவுக்குக் குடிமாறிவிட்டார்கள். இந்த வித்தியாசத்தை நான் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பாகற்காய் முதல் பஸ் ஸ்டாண்டு வரை

ஒரு பேங்க் மேனேஜர் முழங்கால் வலியோடு வந்தார். வந்ததும் தமக்குக் கடுமையான ஃபோபியா என்றார். பாகற்காய் ஃபோபியா உண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு டிராஃபிக்கில் வண்டி ஓட்டும் ஃபோபியா உண்டாம். மச்சினன் வீட்டுக்குப் போகும் ஃபோபியா கல்யாணமான நாளிலிருந்தே இருக்கிறதாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, முழங்காலுக்கு ஸ்கேன் எடுத்தால் கால்தான் உள்ளே போகும், தலை வெளியேதான் இருக்கும் என்றேன். மனிதர் முகத்தில் நிம்மதி தெரியவில்லை, ஏமாற்றம்தான் தெரிந்தது.

படுத்ததும் என் விளக்கத்தை ஆரம்பித்தேன். பாகற்காய் கசக்கிறது, அதனால் வேண்டாம் என்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மச்சினன் விஷயத்திலும் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் அது ஃபோபியா ஆகாது என்றேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

“அப்ப எனக்கு இருக்கிறது வெறும் சோம்பேறித்தனம்னு சொல்ல வர்றீங்களா சார்?”

ரப்பர் உருண்டை

உள்ளே போகிறவர் கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுப்போம். முடியவில்லை என்றால் அதை அமுக்கலாம். கண்ட்ரோல் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு மணி அடிக்கும், உடனே வெளியே இழுத்துவிடுவேன். பெரும்பாலும் யாரும் அமுக்குவதில்லை. அமுக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்குப் போதும்.

வரதன் அமுக்கினார். ஸ்ரீரங்கத்துக்காரர், கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கி. புறப்பாட்டில் உற்சவர் நம்பெருமாள் எழுந்தருளும் பல்லக்கின் தண்டுக்குத் தோள் கொடுக்கிறவர். வழியில் உபயதாரர்கள் படையல் வைக்கும் மண்டகப்படிகளில் பல்லக்கு நிற்கும்போது அசையாமல் நிற்க வேண்டியவர். வலது கை கொஞ்ச நாளாக மரத்துப்போய், காப்பி டம்ளர் நழுவுகிறது. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்க வேண்டும், ஆபரேஷன் செய்தால் கை பிழைக்கும், ஆனால் ஸ்கேன் படம் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். கை போனால் பல்லக்குப் பக்கம் போக முடியாது. அவருக்குத் தெரிந்த வேலையும் அதுதான், வேண்டிய வேலையும் அதுதான்.

கழுத்து ஸ்கேனுக்கு முகத்தின் மேல் ஒரு கூண்டு போல மாட்டுவோம். மாட்டினேன். டேபிள் நகர்ந்தது. நெற்றிகூட உள்ளே போகவில்லை, மணி அடித்தது. எழுந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். மறுபடி படுத்தார். மறுபடி மணி. அத்தனை கூட்டத்தில், முன்னால் நடப்பவன் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாமல், பாரம் சுமந்து நடக்கிற மனிதர். தலையணை மெத்தையோடு படுக்க முடியவில்லை. புறப்படும்போது, நீங்க எந்த வீதியில பெருமாளைச் சேவிப்பீங்க என்று கேட்டார். நானும் ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருக்கிறேன், ஆனால் எனக்குக் கூட்டம் பிடிக்காது, வைகுண்ட ஏகாதசி வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே தில்லை நகரில் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றேன். பிடிக்காதுன்னா சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ரிசப்ஷனில் இருந்த மும்தாஜ், பாலக்கரைக்காரர், அவர் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“கவனிச்சீங்களா சார், இந்த மனுஷன் அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லல.”

பெயர் சூட்டு விழா

மேலப்புதூரிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவி பிலோமினா டீச்சர். என் வாயிலிருந்து ஃபோபியா என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தச் சொல்லைக் கிரேக்கர்களிடம் கடன் வாங்க என்ன அவசியம் என்றார். எனக்கும் அன்று வேலை குறைவு. அச்சம் என்று சொல்லலாமே என்றேன். அச்சம் கம்பீரமான சொல், அதை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்றார். கிலி? அது வயிற்றோடு நின்றுவிடும். பீதி? ஊருக்கே சேர்ந்து வருவது, தனி ஆளுக்கு ஆகாது. கடைசியில் வெருட்சி என்றார். மாடு தன் நிழலைப் பார்த்தே வெருளும் இல்லையா, அதற்குக் காரணம் உண்டா? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வராமல், மாட்டுக்கு உள்ளதை மனிதனுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு ஆட்சேபணையை எழுப்பினேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது டீச்சர் டேபிளில் படுத்திருந்தார். ஸ்கேன் அவருக்குத்தான். காதில் பஞ்சு, கையில் ரப்பர் உருண்டை, கழுத்துவரை போர்வை. அறைக் கதவைச் சாத்தாமல் நாங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது பிள்ளைகள் வகுப்பை அடக்கிப் பழகிய குரல் உள்ளேயிருந்து வந்தது.

“ரெண்டு பேரும் பேர் வெச்சு முடிச்சாச்சுன்னா, பிள்ளையை உள்ள தள்ளுங்க.”

தாயத்துக்கும் கண் உண்டு

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவருக்குக் குழாயைப் பார்த்துத் துளிக்கூடப் பயமில்லை. நெல் குதிருக்குள் இறங்கி ஏறியவனுக்கு இது எம்மாத்திரம் என்றார். மோதிரத்தைக் கழற்றினார், சங்கிலியைக் கழற்றினார், வெள்ளி அரைஞாணையும் முணுமுணுக்காமல் கழற்றினார். கைத் தாயத்தில் வந்து நின்றது. காந்த அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது என்பது எங்கள் விதி. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். சின்ன வயதில் கட்டியதாம். கயிறு மாற்றும்போதுகூடப் புதுக் கயிறு கையில் ஏறிய பிறகுதான் பழையதை அறுப்பாராம்.

அவிழ்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, அது எனக்கே தெரியும் என்றார். என் பாடப்புத்தக விளக்கம் கைகால் முளைத்து எதிரே நின்றது போல இருந்தது. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். கண்ட்ரோல் அறையில் என் பக்கத்தில் அவர் மனைவி நிற்க வேண்டும், தாயத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அம்மாள் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். ஸ்கேன் முடிந்து வந்தவர் முதலில் தாயத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார், பிறகுதான் மனைவியைப் பார்த்தார்.

“நடுவுல கொஞ்சம் கையை இறக்கிட்டியே, அப்ப எனக்கு மூக்கு அரிச்சுது.”

மாத்திரை

வரதன் மறுபடி வந்தார். இதற்கிடையில் வலது கையால் திருமண் இட்டுக்கொள்ளக்கூட வரவில்லை, இடது கையால் இட்டுக்கொண்டு கோணலாகிவிட்டது என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். மயக்கம் கொடுத்துப் படுக்க வைக்கலாம் என்றால், அவருக்கு ஆஸ்துமா. மயக்க மருந்து டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதற்றம் தணிய ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. வெயிட்டிங் ஹாலில், டி.வி. சத்தத்துக்கும் ஒரு குழந்தையின் அழுகைக்கும் நடுவே, குறட்டை விட்டுத் தூங்கினார். எழுப்ப மனமில்லாமல் சக்கர நாற்காலியிலேயே வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். அறை வாசலில் குளிர்காற்று முகத்தில் பட்டது. கண்ணைத் திறந்தார், குழாயைப் பார்த்தார், எழுந்து தம் காலாலேயே வெளியே நடந்துவிட்டார். ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போட்டால் கை திரும்பாது என்று சர்ஜன் சொல்லியிருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாசலில் நின்று மனைவியிடம் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

“நான் போறேன்னுதான் சொல்றேன், இந்த உடம்பு கேக்கமாட்டேங்கறது.”

நாலு வீதி

மூன்றாம் முறை அவரோடு சம்பத் வந்தார். இருவரும் ஒரே தண்டில் முன்னும் பின்னுமாகத் தோள் கொடுக்கிறவர்கள். வரதனுக்கு முன்னால் எப்போதும் தெரிகிற முதுகு இவருடையதுதான் என்று சொன்னார்கள். துணைக்கு ஒருவர் அறைக்குள் காலருகே நிற்கலாம் என்பதால் சம்பத்தையும் உள்ளே அழைத்துக்கொண்டேன். குழாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏன் ஸ்வாமி, மண்டகப்படியில அத்தனை நேரம் ஆடாம நிக்கிறீர், இதுல படுக்க முடியாதா என்று கேலியாகத்தான் கேட்டார்.

“அங்க தோள் மேல பெருமாள் இருக்கார் ஸ்வாமி. ஆடாம இருக்கேன்னா அவருக்காக இருக்கேன். இங்க யாருக்காக ஆடாம இருக்கறது?” என்றார் வரதன்.

“மறுபடியும் தோள் குடுக்கணுமா, வேண்டாமா?”

 நடுவில் புகுந்து நான் என் தொழில் நுணுக்கத்தைச் சொன்னேன். இது ஒரே மூச்சில் எடுக்கிற படம் இல்லை, கொஞ்ச நேரம் சத்தம் வரும், அப்போது அசையக் கூடாது, பிறகு நிற்கும், எச்சில் விழுங்கிக்கொள்ளலாம், மறுபடி சத்தம். அப்படி நாலு தடவை. சம்பத் என்னைத் திரும்பிப் பார்த்து, அப்போ மண்டகப்படின்னே சொல்லுங்களேன், வீதிக்கு ஒண்ணு என்றார்.

ஆகவே அன்று மைக்கில் நான் வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லவில்லை. கூண்டை மாட்டினேன். சம்பத் அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றார். ஏன் திருப்பி நிற்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. குழாய்க்குள் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கால்பக்கம் தெரியும். வரதன் பார்க்கும்போது அங்கே அந்த முதுகு தெரிய வேண்டும். டேபிள் நகர்ந்தது. “கீழச் சித்திரை வீதி மண்டகப்படி. அசையாம நில்லுங்க” என்றேன். படுத்திருக்கிற மனிதரிடம் நில்லுங்க என்று சொன்னது வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது. திருத்தலாமா என்று யோசிப்பதற்குள் மெஷின் தட்ட ஆரம்பித்துவிட்டது. என் கண் அந்த மணியின் மேலேயே இருந்தது. அது அடிக்கவில்லை. தெற்கு வீதி வந்தது, மேல வீதி வந்தது. வடக்கு வீதியில் நடுவே ஒருமுறை அவர் விரல்கள் உருண்டையின் மேல் இறுகியதைப் பார்த்தேன். சம்பத் திரும்பாமலேயே கணுக்காலை அழுத்தினார். விரல்கள் தளர்ந்தன. திரையில் கழுத்தெலும்பு ஒவ்வொன்றும் கோயில் தூண் போலத் துல்லியமாக வந்து நின்றது.

வெளியே இழுத்தபோது முகமெல்லாம் வியர்வை. சம்பத் துண்டால் துடைத்துவிட்டார். கூண்டைக் கழற்றியதும் வரதன் என்னைப் பார்த்தார்.

“நாலு மண்டகப்படி ஆச்சு, பிரசாதம் ஒண்ணும் கிடையாதா சார்?”

வெளியே வந்த மெஷின்

சில வருடம் கழித்து அந்தப் பழைய மெஷினை மாற்றினார்கள். கதவு வழியாக அது வராது. சுவரை இடித்து, கிரேன் கொண்டுவந்து, தெருவில் ஆட்டோக்களை நிறுத்திவைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். பாதி வெளியே வந்ததும் எதிலோ மாட்டிக்கொண்டு மதியம்வரை நகரவே இல்லை. ஊரையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டு மிரட்டிய வாய், வெயிலில் கேட்பாரில்லாமல் திறந்து கிடந்தது.  மும்தாஜ் எனக்கு டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்.

“அதுக்கு வெளிய வர்றதுன்னா ஃபோபியா போல சார்.”

டவர்

புது மெஷினுக்கு வாய் அகலம். உள்ளே விளக்கு, காற்று, மேற்கூரையில் தென்னங்கீற்றும் வானமும் படமாக ஒட்டியிருக்கிறது. கேட்டால் பாட்டும் போடுவோம். இப்போது வருகிறவர்கள் படுத்ததும் தூங்கிவிடுகிறார்கள். ரப்பர் உருண்டை கையிலிருந்து நழுவித் தரையில் உருள்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் முதுகு ஸ்கேனுக்கு வந்தான். எல்லாவற்றுக்கும் சரி என்றவன், செல்போனை வெளியே வைக்க வேண்டும் என்றதும் வெளுத்துப்போனான். நண்பனிடம் கொடுத்தான், திரும்ப வாங்கினான், மறுபடி கொடுத்தான். இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பேராசிரியர் இருந்திருந்தால் தமிழில் ஒன்று செய்து தந்திருப்பார். வெளியே வந்ததும் அவன் என்னிடம் குறைபட்டுக்கொண்டான்.

“சார், உள்ள போனதுமே வெளி உலகம் கட் ஆயிடுது, நீங்க யாரும் சொல்லவே இல்ல.”

சித்திரை வீதி

வரதனுக்கு ஆபரேஷன், பழைய மெஷின் இருந்த காலத்திலேயே, நல்லபடியாக முடிந்தது. விரல்களுக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் கழுத்தில் இனிப் பாரம் ஏற்றவே கூடாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவர் சென்டருக்கே வந்தார். நான் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவரே சமாதானம் சொன்னார். பல்லக்கு மண்டகப்படியில் நிற்கும்போது தண்டுக்கு அடியில் கோலை முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும் அல்லவா, அந்தக் கோலை இனி அவர் எடுத்துக்கொண்டு கூடவே நடப்பார். இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். பிறகு, அடுத்த புறப்பாட்டுக்கு அவசியம் வர வேண்டும் என்றார். எனக்குக் கூட்டம் பிடிக்காது என்று மறுபடி சொன்னேன். உங்க சத்தம் கேட்டுத்தானே நான் நாலு வீதி வந்தேன், நீங்க ஒரு வீதி வரக்கூடாதா என்றார். அதற்குமேல் மறுக்க வழியில்லை.

கீழச் சித்திரை வீதியில் ஒரு பாத்திரக்கடைப் படியில் இடம் பிடித்தேன். எந்தச் சந்தில் புகுந்தால் வெளியே போகலாம் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். நாதஸ்வரம் நெருங்க நெருங்க ஜனம் திரண்டது. சந்து மறைந்தது. படி மறைந்தது. நாலு பக்கமும் தோள்கள். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிறந்த ஊர், சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் நான் ஸ்கேன் எடுத்தவர்கள். ஆனாலும் நெஞ்சு தட்ட ஆரம்பித்தது, பழைய மெஷின் தட்டிய அதே கதியில். உள்ளங்கை வியர்த்தது. வலது கை தானாக இறுக மூடிக்கொண்டது, அதில் அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை.

பல்லக்கு என் முன்னால்தான் நின்றது. ஒரு கோல் தண்டுக்கு அடியில் வந்து ஊன்றியது. அதைப் பிடித்திருந்த வரதன் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மூடியிருந்த கையைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கையால் கோலைப் பிடித்தபடி மற்றக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், டம்ளர் நழுவிய அதே கை, இப்போது நல்ல பிடி.

“மண்டகப்படிதான் சார். அசையாம நில்லுங்க.”

ஊருக்கெல்லாம் ஃபோபியாவுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்த நான், அதைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் இத்தனை வருடமும் ‘பிடிக்காது’ என்று சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன்.